சுவாமி குவலயானந்தர்: தேகப்பியாசம் போதித்த பெரியார்

சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம் என்பது நம் மூதாதையர் வழங்கிய முதுமொழி. திருமூலநாயனாரும் உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்டு, அதனைப் பேணும் நெறியைத் திருமந்திரத்திலே வகுத்தருளினார். ஆயினும், நம் வாலிபருள் பலர் சமயம் ஒரு திசையிலும் தேகப்பியாசம் வேறொரு திசையிலும் இருப்பதாக எண்ணுகின்றனர். கோயிலுக்குச் செல்பவன் பலமற்றவன் என்று மைதானத்திலே நிற்பவன் நினைக்கின்றான். மைதானத்திலே நிற்பவன் படிப்பையும் பக்தியையும் கைவிட்டவன் என்று பெரியோர் சிலர் நினைக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் அறிந்து பயன்பெறத் தக்கது சுவாமி குவலயானந்தரின் சரிதம். மல்லரிடம் மாணாக்கராகவும் யோகியிடம் சீடராகவும் இருந்து, பின்னர் ஆய்வுகூடத்திலே விஞ்ஞானியாகவும் பாடசாலை முற்றத்திலே ஆசிரியராகவும் விளங்கியவர் அவர். அவருடைய வாழ்க்கையை, சிறப்பாக அவர் தேகப்பியாசத்தைப் போதித்த முறையை, ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முயல்கின்றோம்.

பிறப்பும் கல்வியும்

சுவாமிகளின் பூர்வாசிரமப் பெயர் ஜகந்நாத் கணேஷ் குணே என்பது. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் திகதி, அக்காலத்திலே பரோடா சமஸ்தானத்திற் சேர்ந்திருந்த டபோய் என்னும் ஊரில், மராத்தி பேசும் அந்தணர் குடும்பமொன்றிலே பிறந்தார். தந்தையார் கணேஷ் லக்ஷ்மண் குணே ஓர் ஆசிரியர். தாயார் பெயர் சரஸ்வதி. குடும்பத்திலே செல்வமில்லை. சில காலம் பிறர் உதவியைக் கொண்டே நாட்களைக் கழிக்க வேண்டியிருந்தது. வறுமை பிள்ளையின் கல்வியைத் தடுக்கவில்லை. 1903ஆம் ஆண்டு மெற்றிக்குலேசன் பரீட்சையிலே வடமொழிக்குரிய ஜகந்நாத் சங்கர்சேட் புலமைப் பரிசிலைப் பெற்றார். அப்பரிசிலே அவருக்குப் பரோடாக் கல்லூரியின் கதவைத் திறந்துவிட்டது. 1910ஆம் ஆண்டிலே பட்டதாரியாக வெளியேறினார்.

அக்காலப் பரோடா தேசாபிமானம் கொழுந்துவிட்ட இடம். பின்னாளிற் புதுச்சேரியிலே மகாயோகியாக விளங்கிய அரவிந்தர், அந்நாளில் அக்கல்லூரியிலே கற்பித்துக்கொண்டிருந்தார். திலகரின் பெயர் வாலிபரிடையே மந்திரம் போல் ஒலித்தது. இவ்விருவரின் செல்வாக்கும் இளைஞர் ஜகந்நாதரின் உள்ளத்திலே பதிந்தது. இல்லறத்திற் புகாது, ஆயுள் முழுவதும் பிரமசரியம் காத்து, மக்கட் பணிக்கே தம்மை ஒப்படைப்பதென்று அவர் விரதம் பூண்டார். இளமையிற் பூண்ட விரதம் முதுமை வரை தளரவில்லை.

குருமார் இருவர்

பரோடாவிலே ஜும்மாதாதா வியாயாமசாலை என்று ஒரு பயிற்சிக் கூடம் பேர்பெற்று விளங்கியது. அதன் தலைவர் ராஜரத்ன மாணிக்கராவ். மல்யுத்தம், மல்லகம்பம், தண்டால், பைட்டக், சிலம்பம், லேசிம் முதலிய பாரத நாட்டுப் பயிற்சிகளிலே வல்லவர். முறிந்த எலும்பைச் சேர்ப்பதிலும் கைதேர்ந்தவர். அக்காலத்திலே உடற்பயிற்சி என்றால் ஆங்கிலக் கட்டளைக்கு ஆடும் இராணுவ அணிப் பயிற்சி என்றே பாடசாலைகளிற் கருதப்பட்டது. மாணிக்கராவோ, நம்மவர் பயிற்சிகளையே கூட்டமாக நின்று செய்யத்தக்க வகையில் ஒழுங்குபடுத்தி, நாட்டு மொழியிலேயே கட்டளை கொடுத்துப் பழக்கினார். 1907 முதல் 1910 வரை இவரிடம் ஜகந்நாதர் பயின்றார். தனியொருவன் மல்லனாவதைவிட ஊரிலுள்ள பிள்ளைகள் அனைவரும் நிமிர்ந்து நிற்பதே மேல் என்னும் எண்ணம் இங்கேதான் அவருக்கு வித்திடப்பட்டது.

கல்வி முடிந்தபின் அவர் கான்தேசப் பகுதியிலுள்ள அமல்னேர் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே எழுத்தறியாத ஏழை மக்களோடு பழகினார். இவர்களுக்கு முதலில் வேண்டியது கல்வியே எனக் கண்டு, கான்தேசக் கல்விச் சங்கத்தின் பணியிலே ஈடுபட்டார். 1916இல் அங்கிருந்த தேசியக் கல்லூரிக்கு அதிபரானார். அக்கல்லூரியிலே தேசிய உணர்ச்சி ஓங்கியதைப் பொறாத ஆங்கில அரசாங்கம் 1920ஆம் ஆண்டில் அதனை மூடிவிட்டது. கட்டிய கூடு கலைந்தபோதும் அவர் கலங்கவில்லை. 1923 வரை அவ்விடத்து மாணாக்கருக்குப் பாரத கலாசாரப் பாடங்களைக் கற்பித்து வந்தார்.

இதற்கிடையிலே அவர் வாழ்வின் பெரிய திருப்பம் நிகழ்ந்தது. நருமதையாற்றங்கரையில் மால்சார் என்னும் சிற்றூரிலே பரமஹம்ச மாதவதாசர் என்னும் யோகியார் வாழ்ந்துவந்தார். வங்காளத்திலிருந்து வந்து அங்கே தங்கிய முதியவர் அவர். 1919ஆம் ஆண்டில் ஜகந்நாதர் அவரை அடைந்து சீடரானார். மாணிக்கராவிடம் கற்றது தசையின் வலிமை. மாதவதாசரிடம் கற்றது மூச்சையும் நரம்பையும் மனத்தையும் அடக்கும் வலிமை. 1921ஆம் ஆண்டிலே மாதவதாசர் உடலை நீத்தார். குருவோடு வாழ்ந்த காலம் சிறிதே. அக்காலத்திற் பெற்றதைக் கொண்டு அவர் உழைத்த காலமோ நாற்பத்தைந்து ஆண்டுகள்.

சோதனைக்கு வந்த யோகம்

இங்கேதான் அவருக்கு ஒரு பெரிய கேள்வி எழுந்தது. யோகப் பயிற்சியினால் தம் உடலிலும் உள்ளத்திலும் ஏற்பட்ட மாறுதலை அவர் அனுபவத்தால் அறிந்தார். அறிந்ததைப் பிறருக்குப் போதிப்பது எப்படி? நம்பு, செய் என்று சொல்வது குருவுக்கும் சீடனுக்கும் போதும். பாடசாலைப் பிள்ளையின் தந்தைக்கு அது போதாது. வைத்தியருக்கு அது போதவே போதாது. அந்நாளிலே ஆங்கிலங் கற்றவர் யோகத்தை வித்தைக்காரரின் வேடிக்கை என்று இகழ்ந்தனர். யோகத்தை அறிந்தவரோ அதனை மறைபொருளாகக் காத்துப் பிறர் கண்ணிற் படாது மறைத்தனர். இகழ்வாருக்கும் மறைப்பாருக்கும் இடையிலே அகப்பட்டு, ஒரு பெருஞ்செல்வம் மக்களுக்குப் பயன்படாமற் கிடந்தது.

ஆகவே அவர் சோதனையில் இறங்கத் துணிந்தார். 1920, 1921ஆம் ஆண்டுகளிலே, பரோடா வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில், தம் மாணாக்கர் சிலரின் உதவியுடன், உட்டியான பந்தம், நௌலி என்னும் இரு கிரியைகளை எக்ஸ்ரே கதிரின் முன்னே செய்வித்துப் பார்த்தார். பேரியம் கலந்த உணவை உட்கொண்டபின் கதிர் பாய்ச்சினால் வயிற்றின் உள்ளுறுப்புகள் நிழலாகத் தெரியும். மூச்சை முழுவதும் வெளிவிட்டு வயிற்றை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் எவ்வளவு உயர்கின்றது, குடல் எவ்விதம் இடம் பெயர்கின்றது என்பவற்றையெல்லாம் கண்ணாரக் கண்டார். நூற்றாண்டுகளாக வாய்வழியே வந்த கிரியை, கருவியின் முன் நின்று தன் செயலைக் காட்டியது.

பின்னர் 1924ஆம் ஆண்டளவிலே செய்த சோதனை இதனினும் சிறந்தது. நௌலி செய்யும் யோகி நீரிலே அமர்ந்து, கருவியின் துணையின்றி, நீரைப் பெருங்குடலுக்குள் இழுத்துக் கழுவுதல் உண்டு. இதனை வஸ்தி என்பர். நீர் எவ்வாறு மேலேறுகின்றது என்பது பலருக்கும் புதிராக இருந்தது. சுவாமிகள் அமுக்கமானியைக் கொண்டு அளந்தார். நௌலியின்போது பெருங்குடலினுள் அமுக்கம் வெளிக் காற்றின் அமுக்கத்திலும் குறைந்துவிடுவதைக் கண்டார். அமுக்கம் குறைந்த இடத்துக்கு நீர் செல்லுதல் இயற்கை விதி. இதிலே மாயமுமில்லை, மந்திரமுமில்லை. இவ்வுண்மையைக் கண்டவர் தம் பெயரை அதற்குச் சூட்டிக்கொள்ளவில்லை. மறைந்த தம் குருவின் பெயரால் மாதவதாச வெற்றிடம் என்று வழங்கினார். விஞ்ஞானத்துக்குள்ளும் குருபக்திக்கு இடமுண்டு என்பதற்கு இது சான்று.

குஞ்சவனத்து ஆச்சிரமம்

பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே சஹ்யாத்திரி மலைத்தொடரிலே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 அடி உயரத்தில், லோனாவ்லா என்னும் ஊர் உள்ளது. அவ்வூரிலே 1924ஆம் ஆண்டு அவர் கைவல்யதாமம் என்னும் ஆச்சிரமத்தை நிறுவினார். அவ்விடத்துக்குக் குஞ்சவனம் என்று பெயர். ஆச்சிரமமும் ஆய்வுகூடமும் ஒரே வளவில் அமைந்தன. யோக மீமாம்சா என்னும் ஆங்கிலச் சஞ்சிகையும் அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கியது.

அச்சஞ்சிகையின் அமைப்பே அவருடைய போதனா முறையைக் காட்டும். அதிலே விஞ்ஞானப் பகுதி, ஓரளவு விஞ்ஞானப் பகுதி, பொதுமக்கள் பகுதி என மூன்று பிரிவுகள் இருந்தன. வைத்தியருக்கு எக்ஸ்ரே படமும் அளவுகளும், ஓரளவு கற்றவருக்கு விளக்கமும், வீட்டிலிருந்து பழக விரும்புபவருக்குப் படிப்படியான செய்முறையும் கிடைத்தன. பொருள் ஒன்றே. கேட்பவரின் தகுதிக்கேற்பச் சொல்லும் வகைதான் மூன்று. தாம் அறிந்ததை அறிந்தபடியே கொட்டுபவர் பண்டிதர். கேட்பவனுக்கு எட்டும்படி கொடுப்பவரே ஆசிரியர். சுவாமிகள் ஆசிரியர்.

சோதனையிலே தமக்குப் பிடித்த முடிவு கிடைக்காவிடினும் அதனை மறைக்காத நேர்மை அவரிடம் இருந்தது. பிராணாயாமம் செய்தால் ஒட்சிசன் மிகுதியாக உட்சென்று உடலை வளர்க்கும் என்பது அக்காலத்துப் பெருங்கூற்று. யோகத்தை ஆதரித்தவரும் அதனையே பறைசாற்றினர். சுவாமிகள் மூச்சுக் காற்றை அளந்து பார்த்தார். பிராணாயாமத்தின் பயன் ஒட்சிசனை மிகுதியாகப் பெறுவதில் இல்லை, வேறிடத்திலேதான் அதனைத் தேடவேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார். தம் பக்கத்துக்கு வலுவூட்டும் கூற்றேயாயினும், பொய்யென்று கண்டபின் அதனைக் கைவிடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தலைகீழாய் நிற்பதைவிட இது கடினமான ஆசனம் என்று நாம் சொல்வோம்.

போதித்த முறை

இனி, அவர் தேகப்பியாசத்தைப் போதித்த முறையைச் சற்று விரித்துரைப்போம்.

முதலாவது, தசைப் பயிற்சியையும் யோகப் பயிற்சியையும் அவர் பகையாகக் கருதவில்லை. ஒன்றன் வேலையை மற்றொன்றன் மேற் சுமத்தவுமில்லை. தண்டாலும் பைட்டக்கும் ஓட்டமும் தசையை வளர்ப்பன. ஆசனங்களோ முதுகெலும்பை வளைத்தும் நிமிர்த்தியும் முறுக்கியும் இளக்கி, நரம்பையும் சுரப்பிகளையும் வயிற்றின் உறுப்புகளையும் நன்னிலையில் வைத்தற்கானவை. வளரும் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஆயினும் துள்ளிக் குதித்து மூச்சு வாங்கிக்கொண்டே ஆசனத்துக்குப் போதல் ஆகாது. இடையிலே ஓய்வு வேண்டும்.

இரண்டாவது, அளவு. சிரசாசனத்தைச் சில விநாடிகளிலே தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகவே நேரத்தை நீட்டவேண்டும் என்றார். எந்தப் பயிற்சியும் முடிவிலே களைப்பைத் தரலாகாது. செய்து எழுந்தவன் செய்யுமுன் இருந்ததைவிடத் தெளிவாக இருத்தல் வேண்டும். களைத்தான் என்றால் அளவு மிஞ்சியது என்பதே பொருள். உடலை அதட்டி வளைப்பதும், அயலில் நிற்பவனோடு போட்டியிடுவதும் யோகமாகா.

மூன்றாவது, ஆளுக்கேற்ற பாடம். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே வெளிவந்த ஆசனங்கள் பற்றிய அவரது நூலில், முழுப் பயிற்சி, சுருங்கிய பயிற்சி, எளிய பயிற்சி என்று மூன்று வரிசைகளை வகுத்தார். நேரமும் சுகமும் உடையவனுக்கு முதலாவது. நேரமில்லாதவனுக்கு இரண்டாவது. பலங் குறைந்தவனுக்கு மூன்றாவது. காதிற் சீழ் வடிபவர், இருதயம் பலவீனமானவர் முதலியோர் எவ்வெவற்றைத் தவிர்க்கவேண்டும் என்பதையும் எச்சரிக்கையாக எழுதினார். பெண்களும் ஆசனம் பழகலாம் என்றும், அவர்கள் விலக்கவேண்டிய காலங்கள் எவை என்றும் விளக்கினார். செய் என்று சொல்பவர் பலர். உனக்கு இது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல போதகர்.

நான்காவது, கூட்டப் பயிற்சி. இதுவே அவர் எதிர்கொண்ட மிகக் கடினமான வினா. ஆசனம் என்பது தனியிடத்தில், அமைதியாக, குருவின் பார்வையிலே பழகவேண்டியது. பாடசாலையிலோ ஓர் ஆசிரியருக்கு முன்னே ஐம்பது பிள்ளைகள் நிற்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கற்பிக்க வேண்டுமாயின் யோகம் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கிட்டும். கட்டளைக்கு ஆடவிட்டாலோ யோகம் வெறும் அணிப் பயிற்சியாக மாறிவிடும். இவ்விரண்டில் எதை இழப்பது?

சுவாமிகள் தம் முதற் குருவிடம் கற்றதை இங்கே கைக்கொண்டார். ஆசனங்களிலும் மூச்சுப் பயிற்சியிலும் எளியவற்றைத் தெரிந்தெடுத்து, கட்டளைக்கு இணங்க எல்லோரும் ஒருங்கே செய்யத்தக்கனவாக ஒழுங்குபடுத்தினார். 1936ஆம் ஆண்டிலே யௌகிக சங்க வியாயாமம் என்னும் நூலாக அது வெளிவந்தது. நௌலி போன்ற கடினமான கிரியைகளுக்குத் தனிப் பயிற்சியே தக்கது. கூட்டத்துக்குக் கொடுத்தது கூட்டம் தாங்கக்கூடியதை மட்டுமே. ஆழத்தை முற்றிலும் இழக்காமல் அகலத்தைத் தேடிய முயற்சி அது. முழு யோகம் அதனால் வந்துவிடும் என்று அவர் எண்ணவில்லை. வாயிலையாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவைத்தல் வேண்டும் என்றே எண்ணினார்.

அரசாங்கமும் அவர் உதவியை நாடியது. 1937ஆம் ஆண்டிலே பம்பாய் மாகாணத்தில் அமைந்த மக்களாட்சி மந்திரிசபை, பாடசாலைகளில் உடற்பயிற்சியைச் சீர்திருத்த ஒரு குழுவை நியமித்து அவரைத் தலைவராக்கியது. அதன் பயனாக, உடற்பயிற்சி ஆசிரியரைப் பழக்கும் நிறுவனம் ஒன்று 1938இல் காந்திவலியிலே தொடங்கப்பட்டது. பிள்ளையைத் திருத்துமுன் ஆசிரியனைப் பழக்கவேண்டும் என்பது அமல்னேரில் அதிபராயிருந்த நாளிலேயே அவர் கண்ட உண்மையாகும்.

நாடி வந்தோர்

பெரியோர் பலர் அவரை நாடினர். 1927ஆம் ஆண்டு மகாத்மா காந்தி குருதியமுக்கத்தினால் நோயுற்றிருந்தபோது சுவாமிகளின் ஆலோசனையைப் பெற்றுச் சில ஆசனங்களைப் பழகி, தம் நிலையைக் கடிதமூலம் அறிவித்து வந்தார். பண்டித மோதிலால் நேருவும் அவரது அறிவுரையைப் பெற்றவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளரும் கேரளத்திலே பிறந்தவருமான கோவூர் பெஹானன், லோனாவ்லாவிலே தங்கிப் பயின்று, 1937இல் யோகத்தை விஞ்ஞான முறையில் மதிப்பிடும் நூலொன்றை வெளியிட்டார்.

பெரியோர் வருகையினாற் சுவாமிகள் ஏழைகளை மறக்கவில்லை. நகரத்திலே வேலைக்குச் செல்வோர் மலைக்கு வரமுடியாதென்பதை உணர்ந்து, 1932ஆம் ஆண்டில் பம்பாயிலே ஒரு கிளையைத் தொடங்கினார். 1936இல் அது ஈஸ்வரதாஸ் சுனிலால் யோக சுகாதார நிலையம் என்னும் பெயருடன் கடற்கரையோரத்துச் சௌபாத்திப் பகுதிக்கு மாறியது. ஐம்பதாம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, யோகத்தையும் கலாசார ஒருமைப்பாட்டையும் வாலிபருக்குக் கற்பிக்கும் கல்லூரியொன்று கோவர்தன்தாஸ் சேக்சரியா பெயரால் லோனாவ்லாவில் எழுந்தது. அறுபதாம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, நாட்பட்ட நோயாளருக்கான யோக வைத்தியசாலையும் அங்கே அமைந்தது. தேகப்பியாசம், கல்வி, ஆராய்ச்சி, வைத்தியம் ஆகிய நான்கும் ஒரே வளவிலே கூடின.

1966ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 18ஆம் திகதி, எண்பத்திரண்டாம் வயதிலே, சுவாமிகள் இறைவனடி எய்தினார். அவர் நாட்டிய மரம் பட்டுப்போகவில்லை. கைவல்யதாமமும் யோக மீமாம்சாவும் 2024ஆம் ஆண்டிலே நூறாண்டு நிறைவு கண்டன. ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானத்தின்படி 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் திகதி உலகெங்கும் யோக தினம் கொண்டாடப்படுகின்றது. அன்று ஆயிரக்கணக்கானோர் மைதானங்களிலே ஒரே கட்டளைக்கு ஒருங்கே ஆசனம் செய்வதைக் காணும்போது, ஐம்பது பிள்ளைகளின் முன்னே நிற்கும் ஓர் ஆசிரியனுக்காகச் சுவாமிகள் எடுத்த முயற்சி நம் நினைவுக்கு வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கது

ஆசனங்களின் பயன் பற்றிச் சுவாமிகள் கூறிய அனைத்தையும் இன்றைய வைத்திய அறிஞர் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுதற்கில்லை. சுரப்பிகள் பற்றிய அவரது கருத்துகளுட் சில இன்னும் நிறுவப்படவில்லை. இதனாற் சுவாமிகளின் பெருமை குறையாது. அளந்து பார், கண்டதைச் சொல், தவறெனக் கண்டால் விடு என்பதே அவர் காட்டிய வழி. அவ்வழியிலே அவரையும் சோதிப்பது அவருக்குச் செய்யும் நன்றியேயாகும்.

வாலிப அன்பர்களே! உங்கள் கையிலுள்ள கருவியிலே ஒரு நொடியில் நூறு ஆசனங்களின் படங்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கண்டு ஒரே நாளிற் சிரசாசனம் செய்யத் துணிந்து கழுத்தை நோகச் செய்துகொள்ளாதீர்கள். சில விநாடிகளிலே தொடங்குங்கள். கற்றறிந்த ஆசிரியரின் பார்வையிலே பழகுங்கள். நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள். அயலவனை வெல்வதற்காகச் செய்யாதீர்கள். நேற்றைய உங்களைவிட இன்றைய நீங்கள் சற்றே நிமிர்ந்து நின்றாற் போதும்.

பெரியோர்களே! மைதானத்துக்குச் செல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வடமொழிப் பரிசில் பெற்ற மாணாக்கன் மல்லர் கூடத்துக்குச் சென்றபடியினாலேதான் நமக்கு ஒரு குவலயானந்தர் கிடைத்தார். மாலையிலே தேகப்பியாசம் செய்து, கைகால் கழுவி, திருநீறு தரித்துப் பிரார்த்தனைக்கு வந்தமரும் பிள்ளையின் உள்ளத்திலே பக்தி குறைவதில்லை. உடலும் உள்ளமும் ஒருங்கே நிமிர்ந்த வாலிபரை நம் சமூகம் பெறுவதாக. எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் திருவருள் பாலிப்பானாக.